பிந்தி வந்தவர்களுக்காக: திரையில் எங்கள் மாயாவி

1996 இல் வெளிவந்த ‘தி ஃபாண்டம்’ திரைப்படம் தொடங்கும்போது திரையில் ஒரு சிறு வரி தோன்றுகிறது. பிந்தி வந்தவர்களுக்காக, என்பது அதன் பொருள். ஃபாண்டமை, அதாவது எங்கள் மாயாவியை, படைத்த லீ ஃபால்க் தம்முடைய சித்திரக்கதைகளில் மாயாவியின் பூர்வீகத்தைத் திரும்பச் சொல்ல நேர்ந்த இடங்களில் இந்த வரியோடுதான் அதைத் தொடங்குவார். அதைத் திரையில் கண்ட கணத்திலேயே, இப்படத்தை எடுத்தவர்கள் கதையைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்ற நிம்மதி எனக்கு உண்டாயிற்று. சித்திரக்கதையைத் திரைக்குக் கொண்டுவருவோரிடம் நெடுநாள் வாசகன் முதலில் எதிர்பார்ப்பது அதைத்தான். படம் முடியும்வரை அந்த நிம்மதி நிலைத்ததா என்றால், முக்கால்வாசி நேரம் நிலைத்தது என்று சொல்வேன். எஞ்சிய காற்பங்கில் நேர்ந்த பிழை சிறியதன்று. அதைப் பற்றியே இங்கு அதிகம் எழுதப்போகிறேன்.

உண்மையிலேயே பிந்தி வந்தவர்களுக்காகச் சில செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ஃபாண்டம் எனப்படும் இந்த நாயகன், 1936 ஆம் ஆண்டு பெப்ரவரி 17 ஆம் திகதி அமெரிக்க நாளிதழ்களில் முதன்முதலாகத் தோன்றினான். சூப்பர்மேன் வெளிவந்தது 1938 இல் என்பதை நினைத்துப் பார்த்தால், உடலோடு ஒட்டிய உடையும் கண்மணி தெரியாத முகமூடியும் அணிந்து தீயோரை எதிர்க்கும் நாயகன் என்ற வடிவத்திற்கு வழிகாட்டியவர்களுள் இவனுக்கு முதன்மையான இடம் உண்டு என்பது விளங்கும். ரே மூர், வில்சன் மெக்கோய், சை பாரி ஆகிய ஓவியர்கள் அடுத்தடுத்து அவனை வரைந்தார்கள். கதைகளை ஃபால்க் தாமே 1999 இல் இறக்கும்வரை எழுதிவந்தார். தமிழில் ராணி காமிக்ஸ் அவனை மாயாவி என்று அழைத்தது. வேறு தமிழ் வெளியீடுகளில் அவன் வேதாளர் ஆனான். முத்து காமிக்ஸ் 1972 இல் அறிமுகப்படுத்திய இரும்புக்கை மாயாவி வேறொருவன். அவனுக்கு மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துபோகும். எங்கள் மாயாவிக்கு அப்படிப்பட்ட சக்தி எதுவுமே கிடையாது என்பதை இப்போதே மனத்தில் குறித்துக்கொள்ளுமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன்.

1990களின் நடுப்பகுதியில், தமிழ்நாட்டிலிருந்து மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள எங்கள் ஊரான மண்டூருக்குத் திரும்பி வந்த என் தாய்மாமன், சணல் கயிற்றால் கட்டிய இருபத்து மூன்று ராணி காமிக்ஸ் இதழ்களைத் தம் பெட்டியின் அடியில் வைத்துக் கொண்டுவந்தார். அக்காலத்தில் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் மின்சாரம் இல்லை. புத்தகக் கடையும் இல்லை. வாவிக்கு இந்தப் பக்கம் ஒரு புதிய வார இதழ் வந்து சேர்வதே அரிது. குப்பி விளக்கைச் சுற்றி நாலைந்து பிள்ளைகள் குந்தியிருக்க, ஒருவர் உரத்து வாசிப்போம். மற்றவர்கள் படத்தை எட்டிப் பார்ப்போம். இருபத்து மூன்று கதைகளும் மனப்பாடமான பிறகும் வாசிப்பு நிற்கவில்லை. மாயாவியின் மண்டையோட்டுக் குகை எங்கே இருக்கிறது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே எழுந்ததில்லை. வயல்வெளிக்கு அப்பால் மேற்கே, வானத்தில் தனியாக எழுந்து நிற்கும் குடும்பிமலைதான் அது. அவனுடைய காடு எங்களுக்குப் பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் உலர்ந்த காடாகவே இருந்தது. சித்திரத்தில் வேறு மரங்கள் வரையப்பட்டிருந்தாலும் எங்கள் கண் அவற்றைத் திருத்திக்கொண்டது.

படத்தை நான் முதலில் பார்த்தது அது வெளிவந்து சில ஆண்டுகளின் பின்னர். பாதை என்று நாங்கள் அழைக்கும் மிதவையில் ஏறி, வாவியைக் கடந்து குருமண்வெளிக்குப் போய், களுவாஞ்சிகுடியில் ஒரு நண்பனுடைய வீட்டில், வாடகைக்கு எடுத்த வீடியோ கசற்றில் பார்த்தேன். ஆங்கில உரையாடலில் பாதி புரியவில்லை, ஒளிப்பதிவும் தேய்ந்திருந்தது. எனவே அன்றைய என் மகிழ்ச்சியை ஒரு மதிப்பீடாகக் கொள்ள முடியாது. அண்மையில் நண்பரொருவர் கொழும்பிலிருந்து அனுப்பிய புளூரே தட்டில், தெளிவான படத்தோடும் எழுத்துரையோடும், இரண்டு இரவுகளில் இரு தடவை பார்த்த பின்னரே இதை எழுதுகிறேன்.

கதை 1938 ஆம் ஆண்டில் நிகழ்கிறது. அதற்கு முன்னுரையாக, நானூறு ஆண்டுகளுக்கு முந்திய கடற்கொள்ளை காட்டப்படுகிறது. தன் தந்தை கொள்ளையரால் கொல்லப்படுவதைக் கண்ட சிறுவன் ஒருவன் கடலில் குதித்துத் தப்பி, பெங்காலா என்னும் கற்பனை நாட்டின் கரையில் ஒதுங்கி, அங்குள்ள மக்களால் காப்பாற்றப்பட்டு, கொள்ளைக்கும் கொடுமைக்கும் எதிராகப் போராடுவதாகச் சூளுரைக்கிறான். அவனுக்குப் பின் அவன் மகன், பிறகு பேரன் என்று ஒரே உடையையும் ஒரே முகமூடியையும் அணிந்து வருவதால், அவனுக்கு மரணமே இல்லை என்று காட்டு மக்கள் நம்புகிறார்கள். 1938 இல் அந்த உடையை அணிந்திருப்பவன் இருபத்தோராவது மாயாவி. நியூயோர்க்கில் வாழும் சாண்டர் டிராக்ஸ் என்னும் செல்வந்தன், பொன்னாலும் வெள்ளியாலும் ஜேட் என்னும் பச்சைக் கல்லாலும் ஆன மூன்று மண்டையோடுகளை ஒன்றுசேர்த்தால் உலகையே அடக்கும் ஆற்றல் கிடைக்கும் என்று அறிந்து, அவற்றைத் தேடி ஆட்களை அனுப்புகிறான். அவர்களுள் ஒருவனான குவில்தான் இருபதாவது மாயாவியைக் கொன்றவன். இதற்குமேல் கதையைச் சொல்லவேண்டிய தேவை இல்லை.

இந்தப் படத்தில் என்னை மிகவும் மனநிறைவுகொள்ள வைத்தவர் மாயாவியாக நடித்த பில்லி சேன். அவுஸ்திரேலியாவில் வேறொரு படத்தில் நடித்துக்கொண்டிருந்த காலத்தில் இச்சித்திரக்கதையைப் படித்து அதில் ஈடுபாடு கொண்ட அவர், பஞ்சு வைத்துத் தைத்த போலித் தசைகள் தமக்கு வேண்டாம் என்பதற்காக ஓராண்டுக்கு மேல் உடற்பயிற்சி செய்து தம் உடலை ஆயத்தப்படுத்தினார் என்பது பரவலாகப் பதிவான செய்தி. அதன் பயன் ஒவ்வொரு சட்டகத்திலும் தெரிகிறது. ஆனால் நான் பாராட்டுவது தசையை அன்று. ஊதா நிறத்தில், உடலோடு ஒட்டிய, தலையையும் மூடிய ஓர் உடையை அணிந்துகொண்டு, பட்டப்பகலில், பச்சைக் காட்டின் நடுவில், வெள்ளைக் குதிரையின்மேல் ஒரு மனிதன் அமர்ந்திருக்கிறான். அதைப் பார்ப்பவர் சிரித்துவிடாமல் இருக்கவேண்டுமானால், அந்த உடையில் அவனுக்கே முழு நம்பிக்கை இருக்கவேண்டும். பில்லி சேனுக்கு அது இருந்தது. அவர் குதிரையைத் திருப்பும் விதம், எதிரியை அடிக்குமுன் அவனை ஒருகணம் பார்க்கும் பார்வை, ஆபத்தின் நடுவிலும் பெண்களிடமும் சிறுவர்களிடமும் பேசும் மரியாதை, முகத்தில் எப்போதும் இருக்கும் மெல்லிய மலர்ச்சி ஆகிய எல்லாம் ஃபால்க் எழுதிய மனிதனுடையவை. சினமும் இருளும் நிறைந்த நாயகர்களையே திரை விரும்பத் தொடங்கியிருந்த காலத்தில், தன் கடமையை மகிழ்ச்சியோடு செய்யும் ஒரு நல்ல மனிதனை நடிப்பது எளிதன்று.

உடையைப் பற்றி இன்னும் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் வடமோடிக் கூத்துப் பழகுவோர் பல மாதங்கள் இரவில் களரியில் ஆடிப் பழகி, சதங்கை அணிந்து, அடுக்கு என்னும் ஒத்திகை பார்த்து, அதன் பின்னரே அரங்கேற்றத்தன்று முழு உடுப்பையும் முடியையும் அணிவார்கள். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வளவுக்கு அடுத்த வளவில் வாழ்ந்த கமக்காரர் ஒருவர் அருச்சுனனாக ஆடுவார். பகலில் அவர் மண்வெட்டியோடு வரம்பு கட்டுவதைப் பார்த்த அதே நான், அன்றிரவு மத்தளமும் சல்லாரியும் முழங்க அவர் கரப்புடுப்பு என்னும் கூத்து உடையோடு களரிக்குள் வரவு ஆடியபோது, அருச்சுனனைத் தவிர வேறெவரையும் அங்கே காணவில்லை. பின்னாளில் அவருக்கு முழங்கால் வலி கண்டதும் அந்த வேடம் இன்னொருவருக்குப் போனது. அருச்சுனன் மட்டும் போகவில்லை. மாயாவியின் கதை எனக்குச் சிறுவயதிலேயே விளங்கியதற்கு இதுவே காரணம் என்று இப்போது எண்ணுகிறேன். ஆடுபவர் மாறினாலும் வேடம் தொடரும் என்பதே அக்கதையின் உயிர். ஃபால்க் சித்திரக்கதை எழுத்தாளர் மட்டுமல்லர். நாடக அரங்குகளை நடத்தியவர், பல நாடகங்களைத் தயாரித்து இயக்கியவர். உடுப்பு ஒரு மனிதனை என்ன செய்யும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கவேண்டும்.

படக்குழு அந்த உடையைக் கைவிடாமல் காத்தமைக்கு நான் நன்றி சொல்கிறேன். நிறம் நாட்டுக்கு நாடு வேறுபட்டிருக்கிறது. சுவீடனில் மாயாவி நீல உடையிலும் இத்தாலியில் சிவப்பு உடையிலும் உலவினான். சாம்பல் நிறமாக ஃபால்க் நினைத்திருந்த உடை, 1939 இல் ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்கள் வண்ணத்தில் வெளிவரத் தொடங்கியபோது ஊதாவாக அச்சாகி, அப்படியே நிலைத்துவிட்டது. படம் அந்த ஊதாவையே எடுத்துக்கொண்டு, துணியின்மேல் மெல்லிய கோலங்களை மட்டும் இழைத்திருக்கிறது. சித்திரத்தில் இடுப்பில் காணப்படும் கோடுபோட்ட சிறு காற்சட்டையை நீக்கிவிட்டார்கள். அதை இழந்ததில் எனக்கு வருத்தமில்லை. 2010 இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெளியான புதிய தொடரில் இந்த உடையையே தூக்கி எறிந்துவிட்டு ஏதோ நவீனக் கவசத்தை அணிவித்தார்கள். அதைப் பார்த்தபோதுதான் 1996 ஆம் ஆண்டுப் படத்தின் துணிவு எனக்கு முழுமையாகப் புரிந்தது.

இயக்குநர் சைமன் வின்சர் அவுஸ்திரேலியர். அந்நாட்டில் மாயாவி இதழ்கள் 1948 முதல் இடையறாது வெளிவருகின்றன என்பதால், அவர் நாயகனை அறியாதவராக இருந்திருக்க முடியாது. குதிரைகளைப் படமாக்குவதில் அவருக்கு உள்ள தேர்ச்சி இங்கே கைகொடுக்கிறது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கும் விமானத்திலிருந்து, கீழே பாய்ந்தோடிவரும் ஹீரோ என்னும் வெள்ளைக் குதிரையின் முதுகுக்கு மாயாவியும் அவன் காதலி டயானாவும் இறங்கும் காட்சியை நான் நிறுத்தி நிறுத்தி மூன்று முறை பார்த்தேன். கணினியில் வரைந்த உருவங்கள் திரையை நிறைக்காத காலத்து வேலை அது; குதிரை மூச்சுவாங்குவது தெரிகிறது, புழுதி எழுகிறது. தொடக்கத்தில் வரும் கயிற்றுப் பாலக் காட்சியும் அத்தகையதே. பலகைகள் ஒவ்வொன்றாக முறிய, தொங்கும் பாரவூர்திக்குள் சிக்கிய சிறுவனை மாயாவி மீட்கும்போது, குப்பி விளக்கின் முன் குந்தியிருந்த நாங்கள் எப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினோமோ, அதே படபடப்பு மீண்டும் வந்தது. தாய்லாந்தில் படமாக்கிய காடு ஈரமும் பசுமையும் மிக்கது. அது என் குடும்பிமலைக் காடு அன்று. ஆயினும் மண்டையோட்டுக் குகையின் வாயிலைக் கண்டதும் நான் அதை ஏற்றுக்கொண்டேன்.

மூலக்கதையை எந்தப் பகுதியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்பதிலும் கவனம் தெரிகிறது. 1936 இல் வந்த முதற்கதையில் கடற்கொள்ளையர் கூட்டம் வருகிறது. அதற்கு அடுத்த கதையில் பெண்களே நடத்தும் வான்கொள்ளைக் குழு வருகிறது. அதில் சாலா என்றொரு பெண் உண்டு. படத்தின் திரைக்கதையை எழுதிய ஜெஃப்ரி போம் இவ்விரண்டையும் இணைத்திருக்கிறார். சாலாவாகக் கத்தரின் ஸீட்டா ஜோன்ஸ் நடித்திருக்கிறார்; தீமையிலிருந்து நன்மையின் பக்கம் அவர் மெல்ல மெல்லச் சாய்வது, அதிகச் சொற்கள் இல்லாமல், கண்ணிலும் நடையிலும் தெரிகிறது. டயானாவாக வரும் கிறிஸ்டி சுவான்சனும் காப்பாற்றப்படுவதற்காகக் காத்திருக்கும் பெண் அல்லர். சித்திரக்கதையின் டயானா நல்ல நீச்சல் வீராங்கனை, பின்னாளில் ஐக்கிய நாடுகள் சபையில் பணிபுரிந்தவள். மாயாவியை மணப்பதற்கு 1977 ஆம் ஆண்டுவரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், வாசகரைக் காக்க வைத்தவள். அவளுடைய தன்மானத்தைப் படம் குறைக்கவில்லை. முதற்கதையில் வரும் ஜிம்மி வெல்ஸ் என்ற செல்வந்த இளைஞன் படத்திலும் ஓரமாக வந்துபோகிறான். அவனையே முகமூடிக்குள் இருப்பவனாக ஆக்கும் எண்ணம் ஃபால்க்குக்கு முதலில் இருந்தது என்பதை அறிந்தவர்களுக்கு அது ஒரு சிறு மகிழ்ச்சி.

இவ்வளவையும் அறிந்து செய்தவர்கள் கதையின் நடுவில் மந்திர மண்டையோடுகளை ஏன் கொண்டுவந்து வைத்தார்கள் என்பதே என் வருத்தம். மாயாவியிடம் மாயம் இல்லை. அவன் பறக்கமாட்டான், மறையமாட்டான், சுட்டால் இறப்பான். அவனுக்கு முன் இருபது பேர் அப்படி இறந்துபோயிருக்கிறார்கள். நானூறு ஆண்டுகளாக ஒருவனே வாழ்கிறான் என்ற நம்பிக்கையும், அந்த நம்பிக்கை பொய்க்காமல் இருக்கத் தன் வாழ்வையே கொடுக்கும் ஒரு மனிதனின் உழைப்பும்தான் அவனிடம் உள்ள வலிமை. தமிழில் மாயாவி என்று பெயர் வைத்தவர்கள், காட்டு மக்கள் அவனை எப்படிப் பார்த்தார்கள் என்பதைக் கொண்டே அப்பெயரை வைத்தார்கள். இதழைப் படித்த எங்களுக்கோ, பெயரில் மட்டுமே மாயம் உண்டு, ஆள் நம்மைப்போல் ஒரு மனிதன்தான் என்ற இரகசியம் தெரியும். அந்த இரகசியத்தை அறிந்தவர்களுள் ஒருவராக இருப்பதே வாசிப்பின் பெரிய இன்பம். படமோ அந்த இன்பத்தை எங்களிடமிருந்து பறித்துவிடுகிறது. மூன்று மண்டையோடுகளும் ஒன்றுசேர்ந்து ஒளிக்கதிரை உமிழ, அதை எதிர்க்க மாயாவி தன் விரலில் உள்ள மோதிரத்தை உயர்த்த, அந்த மோதிரமே நான்காவது மண்டையோடு என்று வெளிப்படும் இறுதிக் கட்டத்தில், இவ்வளவு நேரம் தன் உடலாலும் துணிவாலும் போராடிய மனிதன் ஒரு கருவியைத் தூக்கிப் பிடிப்பவனாகச் சுருங்கிப்போகிறான். தீயவனின் தாடையில் ஆறாத வடுவைப் பதிக்கும் மோதிரம் அது. அந்த வடுவைக் காண்போர் அவனிடம் எச்சரிக்கையாக இருப்பார்கள் என்பதே அதற்குரிய ஆற்றல். அதைவிடப் பெரிய மந்திரம் அதற்குத் தேவைப்பட்டதே இல்லை.

இறந்துபோன தந்தையின் ஆவி வந்து மகனோடு உரையாடுவதும் அதே பிழையின் இன்னொரு முகமே. தந்தையாக வரும் பற்றிக் மகூகன் பெரிய நடிகர். அவர் குரலில் ஒரு கனிவு இருக்கிறது. மகனுக்குத் திருமணம் ஆகவில்லையே என்று அவர் கவலைப்படும் காட்சிகள் இனிமையாகவும் இருக்கின்றன. எனினும், நடமாடும் ஆவி என்று உலகம் அழைக்கும் நாயகனின் கதையில் உண்மையான ஆவி ஒன்று நடமாடத் தொடங்கினால், அந்தப் பெயருக்குப் பொருள் என்ன? தந்தை இறந்துவிட்டார், இனி அவரைக் கேட்க முடியாது, அவர் எழுதிவைத்த ஏடுகளை மட்டுமே புரட்டிப் பார்க்கலாம் என்ற நிலையில்தான் மகன் அந்த உடையை அணிகிறான். மண்டையோட்டுக் குகையில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும் அந்தப் பெரிய ஏடுகள் சித்திரக்கதையின் மிக அழகான கற்பனைகளுள் ஒன்று. ஒவ்வொரு மாயாவியும் தன் காலத்தில் நடந்ததைத் தன் கையாலேயே அவற்றில் எழுதிவைப்பான். தந்தை அருகிலேயே வந்து நின்று பேசுவாரானால் ஏடு எதற்கு? உடை கைமாறும் நாளை, சாகும் தந்தையின் முன் மண்டியிட்டு மகன் பொறுப்பை ஏற்கும் அந்த நாளை, படம் எங்கும் காட்டவில்லை. நூறு நிமிடத்தில் ஐந்து நிமிடத்தை அதற்கு ஒதுக்கியிருந்தால் மூன்று மண்டையோடுகளும் வேண்டியிருந்திரா.

முகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். முகமூடி இல்லாத மாயாவியின் முகத்தைக் கண்டவன் கொடிய சாவை அடைவான் என்பது அந்தக் காட்டின் பழமொழி. ஃபால்க்கும் அவருடைய ஓவியர்களும் இப்பழமொழியை வாசகர் விடயத்திலும் கடைப்பிடித்தார்கள். நகரத்துக்குப் போகும்போதும் அவனுக்கு நீண்ட மேலங்கியும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிவித்தார்கள். அவன் கண்களை நாங்கள் ஒருபோதும் கண்டதில்லை. எங்கள் மண்டூர் முருகன் கோயிலில் பூசை செய்யும் கப்புகனார் தம் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் ஓதாமல், திரைக்குப் பின்னால் பூசை செய்வார். திரைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் அங்கே வளர்ந்த எங்களுக்கு வருவதில்லை. மறைந்திருப்பதற்கு உரிய மதிப்பை அறிந்த பிள்ளைகளுக்கு மாயாவியின் முகம் மறைந்திருந்தது குறையாகத் தோன்றியதே இல்லை. படத்திலோ, நியூயோர்க்கில் கிட் வாக்கர் என்ற பெயரோடு அவன் இறங்கியதும், முழு முகத்தோடும் எல்லோர் முன்னிலையிலும் உலவுகிறான். ஒரு நடிகரின் முகத்தைப் படம் முழுவதும் மறைத்துவைப்பது வணிகத்துக்கு ஒவ்வாது என்பதை நான் அறிவேன். ஆனாலும் தொப்பி நிழலையும் கறுப்புக் கண்ணாடியையும் கொண்டு ஒரு நல்ல ஒளிப்பதிவாளர் எவ்வளவோ செய்திருக்கலாம்.

வளர்ந்த பின்னர் இக்கதையைப் படிக்கும்போது எனக்குள் எழும் ஒரு சங்கடத்தையும் மறைக்க விரும்பவில்லை. கடல் வழியே வந்த ஒரு வெள்ளையனின் வழித்தோன்றல்கள் காட்டு மக்களுக்கு நீதிபதிகளாக இருக்கிறார்கள். போர்த்துக்கேயர் 1628 இல் கட்டத் தொடங்கி, பத்தே ஆண்டுகளில் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையை நாளும் கடந்துபோகும் மட்டக்களப்பு மக்களுக்கு, கடல் வழியே வந்தவர்கள் எப்படிப்பட்ட நீதியைக் கொண்டுவந்தார்கள் என்பதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஃபால்க் தம் பிற்காலக் கதைகளில், கறுப்பின மக்களே தெரிவுசெய்த தலைவரொருவர் ஆளும் சுதந்திர நாடாகப் பெங்காலாவை மாற்றினார். அந்த மாற்றம் அவர் மேல் எனக்குள்ள மதிப்பை உயர்த்தியது. படம் 1938 ஆம் ஆண்டுக்குத் திரும்பிச் சென்றுவிட்டதால் அதையெல்லாம் பேசாமல் தப்பிவிடுகிறது. காட்டு மக்கள் வருகிறார்கள், உதவுகிறார்கள், போகிறார்கள். அவர்களுக்கென்று ஒரு நீண்ட உரையாடல்கூட இல்லை. மாயாவியின் உற்ற நண்பனான குரான், சித்திரக்கதையில் அறிவும் பெருமிதமும் உடைய தலைவன். இங்கே அவன் சிறிது நேரமே தலைகாட்டுகிறான். வாகரைப் பக்கத்தில் வாழும் வேடர் வழிவந்த மக்களோடு பழகிய எனக்கு, காட்டைச் சேர்ந்தவர்களைப் பின்னணியாக மட்டும் நிறுத்திவைப்பது உறுத்துகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். டிராக்ஸாக வரும் டிரீட் வில்லியம்ஸ் தம் பாத்திரத்தை மிகையான உற்சாகத்தோடு நடிக்கிறார். சில இடங்களில் அது பொருந்துகிறது, சில இடங்களில் அவர் வேறொரு படத்தில் இருப்பவர்போல் தோன்றுகிறார். நுண்ணோக்கிக்குள் கூரிய முனைகளை வைத்து ஒருவருடைய கண்களைக் குத்தும் காட்சியைச் சிறு பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. டேவிட் நியூமனின் இசை கதையின் வேகத்தோடு நன்றாக இணைகிறது. ஏறத்தாழ நான்கரைக் கோடி டொலர் செலவில் எடுக்கப்பட்ட படம் அமெரிக்காவில் சுமார் ஒன்றே முக்காற் கோடி டொலரை மட்டுமே ஈட்டியது. அதனால் இரண்டாம் பாகம் வராமலே போயிற்று. பில்லி சேன் அந்த உடையை மறுபடி அணியவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத இழப்பு.

மாயாவியை அறியாதவர்கள் இப்படத்தைத் தாராளமாகப் பார்க்கலாம். நல்லவன் நல்லவனாகவே இருக்கும் கதையைக் குடும்பத்தோடு பார்க்க விரும்புவோருக்கு இது ஏற்றது. இதழ்களைப் படித்து வளர்ந்தவர்கள் முதல் ஒரு மணி நேரத்தை முழு மகிழ்ச்சியோடும், எஞ்சியதைப் பொறுமையோடும் பார்க்கவேண்டும். ஆனால் பிள்ளைகளுக்கு முதலில் இதழைக் கொடுங்கள், படத்தைப் பிறகு காட்டுங்கள் என்பது என் வேண்டுகோள். மந்திர மண்டையோட்டை முதலில் பார்த்துவிட்ட பிள்ளைக்கு, மந்திரமில்லாத மாயாவியின் அருமையை விளங்கவைப்பது கடினம்.

இதை நான் என் மருமகனிடம் கண்டேன். அவன் என் தங்கையின் மகன். எங்கள் பக்கத்தில் குடி என்னும் குலப்பிரிவு தாய் வழியாக வருவதால், என் சொந்தப் பிள்ளைகள் அவர்களுடைய தாயின் குடியைச் சேர்ந்தவர்களாக இருக்க, அவன்தான் என் குடியைச் சேர்ந்தவன். மாமாவிடமிருந்து எனக்கு வந்த இதழ்க் கட்டு அவனுக்குப் போகவேண்டும் என்று என் தாயார் எப்போதோ சொல்லிவிட்டார். இரண்டாம் இரவு அவனோடு படத்தைப் பார்த்து முடித்ததும், “அந்த மோதிரத்தில் மந்திரம் எப்படி வந்தது மாமா?” என்று கேட்டான். அதில் மந்திரம் இல்லை என்றேன். அவன் நம்பவில்லை. கட்டை அவிழ்த்து, பூர்வீகக் கதை வரும் இதழை எடுத்துக் கொடுத்தேன். அதன் முதற் பக்கம் பல ஆண்டுகளுக்கு முன்பே கிழிந்து போயிருந்தது. இரண்டாம் பக்கத்தில், கரையில் ஒதுங்கிய மனிதன் ஏற்கெனவே எழுந்து நிற்கிறான். அதற்கு முன் என்ன நடந்தது என்று மருமகன் கேட்க, கப்பல் எரிந்ததையும், தந்தை விழுந்ததையும், கொன்றவனின் மண்டையோட்டின் மேல் கைவைத்து அந்த இளைஞன் செய்த சத்தியத்தையும், என் மாமா எங்களுக்குச் சொன்ன அதே சொற்களில் அவனுக்குச் சொன்னேன். அவன் கேட்டு முடித்துவிட்டு, இரண்டாம் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினான்.